காருக்குத் தைத்த பை

ஒரு காரின் இன்ஜின் கெட்டுப்போனதற்கு என் தையல்தான் காரணம் என்று எட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். தையல் என்றால் ஜாக்கெட் தையல் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் எனக்கு வேலை. தோலில் ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். துணியைப் போலப் பிரித்துவிட்டு மறுபடி தைக்க முடியாது. செக்கிங் மேஜையில் தப்பு கண்டுபிடித்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்புவார்கள். அறுபது பெண்கள் பார்க்க அது லைனில் திரும்பி வரும். எனக்கு மாதத்துக்கு ஒன்று வந்தாலே ஜாஸ்தி. அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அழகு, படிப்பு என்று பெருமைப்பட வேறு எதுவும் இல்லாதவளுக்குக் கையாவது இருக்கட்டுமே.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய எண்ணூறு சிசி கார் வாங்கினார். வெள்ளை கார் என்று சொல்லித்தான் வாங்கினார். எனக்கு அது மோர் நிறமாகத் தெரிந்தது. அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஃபிட்டர். அங்கேயே வேலை செய்த அவருடைய தோஸ்த்திடமும் அதே மாதிரி கார் இருந்தது. ஈஸ்டர் லீவில் இரண்டு குடும்பமும் ஏலகிரிக்குப் போனோம். தோஸ்த்தின் கார் ஏறிப் போய்விட்டது. எங்கள் கார் ஐந்தாவது வளைவிலேயே மூச்சு வாங்கியது. பாரம் குறையட்டும் என்று என்னையும் என் தங்கையையும் இறங்கி நடக்கச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் இரண்டு பேரும் நடந்தோம். மேலே போய்ச் சேர்ந்தபோது அந்தத் தோஸ்த் பானட் மேல் சாய்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், தள்ளிக்கினே வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் அவருடைய காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் அந்த மனிதருக்குத் தாங்காது. அது எனக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்த விஷயம். அது எதுவரைக்கும் போகும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

திரும்பி வந்ததிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. டேனரியில் பெரிய கம்ப்ரசர் ஒன்று உண்டு. அது இருக்கிற அறை வெந்து கிடக்கும் என்பதால், வெளியிலிருந்து குழாய் வைத்துக் காற்று கொடுப்பார்கள். குளிர்ந்த காற்று உள்ளே போனால் மெஷின் நன்றாக இழுக்கும் என்பார். காரில் மட்டும் என்ன? பானட்டுக்குள் கொதிக்கிற காற்றைத்தானே இன்ஜின் குடிக்கிறது? முன்னாலிருந்து நல்ல காற்றைக் கொடுத்தால் பிக்கப் வராதா? இதைச் சாப்பிடும்போது சொன்னார், குளிக்கப் போகும்போது சொன்னார், ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பாதிரியாரிடம்கூடச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை கார்புரேட்டரின் தலையில் இருந்த கறுப்பு டப்பாவையும் அதற்குள் இருந்த காகித ஃபில்டரையும் கழற்றி எறிந்தார். பிளம்பிங் கடையிலிருந்து பிவிசி பைப்பும், பைப்பை வளைத்துத் திருப்ப இரண்டு எல்போவும் வாங்கி வந்தார். ஷூவின் அடிக்குப் போடும் ரப்பர் ஷீட்டில் வட்டம் வெட்டி, காற்று கசியாமல் இருக்க இடையில் வைத்தார். பைப்பின் வாய் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், முன் கிரில்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்கு மேல்தான் மாட்டிக்கொண்டார். திறந்த வாயில் தூசி போகுமே, என்ன செய்வது?

அதற்கும் டேனரியிலேயே வழி இருந்தது. தோலை உரசி மிருதுவாக்கும் பஃபிங் மெஷினிலிருந்து கோதுமை மாவைவிட மெல்லிய தூசி வரும். மூக்கில் கைக்குட்டை கட்டினாலும் உள்ளே போய்விடும். அந்தத் தூசியைப் பிடிக்க மெஷினுக்குப் பின்னால் தடித்த துணியில் நீளப் பைகள் தொங்கும். புதுப் பைகள் தைத்தபோது மிச்சமான துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்.

"இத வுட்டா வேற ஃபில்டர் கெடையாது. பை மாதிரி தைக்கணும். உன் கையி பட்டாத்தான் ஆவும்" என்றார்.

உன் கை பட்டால்தான் ஆகும் என்று அவர் அதுவரை ஒரு குழம்புக்குக்கூடச் சொன்னதில்லை. நான் விழுந்துவிட்டேன். ஒரு வாரம் அந்தத் துணியோடுதான் வாழ்ந்தேன். இன்ஜின் இழுக்கும்போது பை பைப்புக்குள் போய்விடக் கூடாது என்று, அவர் சைக்கிள் ஸ்போக் கம்பிகளை வளைத்து உள்ளே வைக்க ஒரு கூடு செய்தார். நான் அதற்கு அளவெடுத்தேன். ஒரு முழ நீளம், வட்ட அடி, வாயில் கிளிப் மாட்ட மடிப்பு. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரி மெஷினில் இரட்டை வரிசைத் தையல் போட்டேன். ஊசி போன ஓட்டை வழியாகத் தூசி போகக் கூடாதே என்று, தையலின் மேல் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் டேப் வைத்து, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் போட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். அடி வட்டம்தான் பயமாக இருந்தது. தடித்த துணி, சின்ன வட்டம், இரண்டு தையலுக்கு ஒரு தடவை மெஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். முடிகிற இடத்தில் தையல் மேல் தையல் ஏறியது. வீட்டுக்கு வந்து அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

"மத்ததெல்லாம் நிக்கும். இந்த அடி வட்டம்தான் எனக்குக் கொஞ்சம் டவுட்டா இருக்குது."

அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சும்மா இரு, இரும்பு மாதிரி கீது" என்றார்.

எங்கள் ஃபேக்டரி கேட்டில் பெண்களின் சாப்பாட்டுக் கூடையைக்கூடத் திறந்து பார்ப்பார்கள், ஒரு துண்டுத் தோல் வெளியே போகாது. அதனால் அன்றைக்குப் பையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் சூப்பர்வைசர் மேடத்திடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, எந்த ஊர் ஷூ?"

"கார் போட்டுக்கற ஷூ மேடம்."

மேடம் சிரித்துவிட்டு, அடி வட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "சாம்பிள் ரூம்ல கூட இப்படி ஒருத்தியும் வட்டம் அடிக்க மாட்டா" என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சாம்பிள் ரூம் என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற முதல் ஜோடியைத் தைக்கிற இடம். எட்டே எட்டு மெஷின். பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் அந்த அறைக்கதவு மேல் ஒரு கண் உண்டு. எனக்கு இரண்டு கண்ணும்.

பையை மாட்டிய அன்று மாலை என்னை மட்டும் உட்கார வைத்து வேலூர் ரோட்டில் விரிஞ்சிபுரம் வரைக்கும் போனார். கார் உண்மையாகவே இழுத்தது. எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் முதுகு சீட்டில் அழுந்துவது தெரியுமே. கோவில் கோபுரம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளிப்பக்கம் மெல்லிய மண் படிந்திருந்தது. "பாத்தியா, இத்தனையும் உள்ள போயிருக்கும்" என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்திருந்தோம். கல்யாண வாழ்க்கையில் எனக்கு அதைவிட நல்ல சாயங்காலம் ஞாபகம் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். கார் பின்னால் நீலப் புகை விட ஆரம்பித்தது. ஆயில் குடித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகப் பேஜார் பண்ணியது. பைபாஸ் ரோட்டில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் ஷெட் வைத்திருந்தார். அங்கே விட்டு இன்ஜினைப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தோஸ்த் அங்கே இல்லை. பாய் கையில் பிஸ்டனை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ரிங், போர் எல்லாம் தேஞ்சி போச்சு சார். மண்ணு தின்னிருக்குது இன்ஜின். மணல் லாரி பின்னாடியே ஃபில்டர் இல்லாம ஓட்டினீங்களா இன்னா? நீங்களே ஃபிட்டரு!"

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். என் வீட்டுக்காரரின் காது சிவந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன்.

"ஃபில்டர் இல்லாமலா ஓட்டுவேன்? துணிப் பை போட்டிருந்தேன் பாய். வூட்ல தச்சது. தையல் பிரிஞ்சி போச்சு. நம்பி வுட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தும் நிறுத்தவில்லை. டிபன் கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாய் மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பிஸ்டனைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எந்த எடத்துல பிரிஞ்சுது?"

"அடில. அந்த வட்டத்துல."

"பையக் காட்டுங்க, பாக்கறேன்."

"கந்தலாப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

அடி வட்டம். நான் பயந்த அதே இடம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கே காலைத் தூக்கித் திருப்பினேனோ, எங்கே தையல் மேல் தையல் ஏறியதோ, அங்கே நூல் அறுந்திருக்கும் என்று என் கைக்கே தோன்றியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆமாம், நான் கேட்டேன். அவர் பெரிய மனதோடு, "பரவால்ல வுடு, தெரிஞ்சா செஞ்ச" என்றார்.

பைபாஸ் ஷெட்டிலிருந்து ஒரு செய்தி ஃபேக்டரிக்கு வர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். லைனில் என்னைப் பார்த்து, "கார் ஷூ பிரிஞ்சிடுச்சாமே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேலை அலுப்புக்கு ஒரு பேச்சு. ஆனால் எனக்குள் ஏதோ விட்டுப்போனது. வளைவு வருகிற இடத்திலெல்லாம் கை நின்றது. ஒரு ஜோடியை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருக்கிற தையலையும் விரலால் இழுத்துச் சோதித்தேன். எனக்குப் பின்னால் வேலை தேங்கிச் சத்தம் கேட்டது. அதுவரை மாதம் ஒன்று வந்த சிவப்பு ஸ்டிக்கர் வாரம் ஒன்று வந்தது. பயந்து தைக்கிறவளுக்கு ஊசி எப்படி நேராகப் போகும்?

அந்த வருடக் கடைசியில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாம்பிள் ரூம்ல ஒரு சீட் காலியாவுது. உன் பேரத்தான் குடுக்கலாம்னு கீறேன். அந்தப் பை கதையெல்லாம் வுடு. நான் என் கண்ணால பாத்த தையல் அது."

"வேணாம் மேடம். என் கையி இப்ப நிக்கறதில்ல."

மேடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். எனக்கு நாலு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்தார்கள். நல்ல பெண்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் அதைச் சொல்லி அழுதேன். அவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். உரிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். எதையோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"நல்லதுதான். சாம்பிள் ரூம்ல டென்ஷன் ஜாஸ்தி" என்றார். பிறகு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார்.

இன்ஜினைப் பிரித்து எட்டு வருடம் கழித்து அந்தக் காரை விற்க முடிவு செய்தோம். வேறு இன்ஜின் போட்டு, பழையபடி கறுப்பு டப்பாவும் காகித ஃபில்டரும் வைத்து அதுவரை ஓட்டினார். பைப் விஷயத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. காவேரிப்பாக்கத்திலிருந்து ஒருவர் வாங்க வருகிறார், கூட்டி வருவதே அந்த மெக்கானிக் பாய்தான் என்று ஏற்பாடு. முந்தின நாள் சனிக்கிழமை, நான் லீவு போட்டிருந்தேன். காலையில் அவர் வேலைக்குப் போனபின் காரைச் சுத்தம் செய்தேன். டிக்கியில் விரிப்பை எடுத்துவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கினேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு பழைய பனியன் சுற்றிய பொட்டலம் இருந்தது.

பிரித்தபோது ஸ்போக் கம்பிக் கூடு முதலில் தெரிந்தது. அப்புறம் பை.

அதை வெயிலுக்கு எடுத்து வந்து செக்கிங் மேஜையில் பார்ப்பது போலப் பார்த்தேன். வாய் மடிப்பில் கிளிப் அழுத்திய தடம் சுற்றிலும் ஒழுங்காக இருந்தது, ஸ்க்ரூடிரைவரால் தளர்த்திக் கழற்றியிருக்கிறார். இரட்டை வரிசை அப்படியே நின்றது. கடைசியாக அடி வட்டத்துக்கு வந்தேன். இரண்டு கட்டை விரலையும் வைத்து இழுத்தேன். திருப்பி உள்பக்கம் பார்த்தேன். டேப்பின் ஓரம்கூடத் தூக்கவில்லை. உள்ளே கை விட்டுத் தடவினேன், ஒரு பொடி மண் இல்லை. வெளியே மட்டும் இரண்டு மூன்று வாரத் தூசி. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட அந்தப் பையில் இடமே இல்லை.

ஏன் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்று அப்புறம் பல நாள் யோசித்திருக்கிறேன். ஃபிட்டர் இல்லையா? நல்ல சாமானைத் தூக்கிப் போட மனசு வந்திருக்காது. அது நல்ல சாமான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் மாலை வந்ததும் பையை மேஜையின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எப்ப கழட்டினீங்க?"

இன்னொரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பை மாட்டிய மூன்றாவது வாரம் டேனரியில் பானட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். அந்தத் தோஸ்த், "இன்னா மச்சான், வண்டிக்கு உள்பாவாடை கட்டிவுட்டுக்கீற? பொண்டாட்டிதா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வருகிற வழியிலேயே கழற்றிவிட்டார். கழற்றியதும் பைப் 'ஹோ'வென்று சத்தம் போட்டு இழுத்ததாம். அது இன்னும் நன்றாக இருந்ததாம்.

"சிரிச்சாங்க. நான் இன்னா பண்ண?"

"அதுக்கு என் தையல் பிரிஞ்சுதுன்னு சொல்வியா நீ?"

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் திருத்திக்கொள்ளவும் இல்லை.

"அடி வட்டம்னு சொன்னியே. நான் பயந்து உங்கிட்ட சொன்ன எடம் அது. வேற எடமே கெடைக்கலியா உனக்கு? சாம்பிள் ரூம் வேணான்னு சொல்லிட்டு வந்து இங்கதான் அழுதேன். கடல தின்னுக்கினே பாத்துக்கினு இருந்தியே!"

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா ரொம்ப நாளாயிடுச்சே" என்றார் தரையைப் பார்த்து.

வேறொரு பெண்ணைத் தேடிப் போயிருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி அழ எனக்கு வார்த்தை இருந்திருக்கும். இதை என்னவென்று சொல்வது? ஒரு நாள் நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக என் கையை எடுத்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மேடம் வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாகியிருந்தது. சாம்பிள் ரூமில் அந்தப் பெண்தான் இப்போது இன்சார்ஜ்.

பையை ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். "இது அங்கதான் இருக்கும். யார் கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். கோபம் தணிந்து மறுபடி 'நீங்க' வந்திருந்தது. மரியாதை திரும்பி வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் பாய் வந்தார். காவேரிப்பாக்கத்துக்காரர் வெளியே காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, பாய் ஹாலில் வந்து உட்கார்ந்தார். காலண்டரில் ஏதோ தேதி பார்க்கப் போனவர் அப்படியே நின்றார்.

"இன்னா சார் இது?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். காது சிவந்தது.

"இருங்க பாய், தண்ணி கொண்டார்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்தவருக்கு அந்த மனிதர் அதுவரை ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

நான் ஆணியிலிருந்து பையை எடுத்து பாயின் கையில் வைத்தேன். "அந்தக் கார்ல மாட்டியிருந்த பை இதுதான் பாய். அடில பிரிஞ்சுதுன்னு சொன்னாரே, நீங்களே இழுத்துப் பாருங்க."

இரும்பு திருகித் திருகிக் காய்ப்பு ஏறிய கை அவருடையது. வட்டத்தைப் பிடித்துப் பலமாக இழுத்தார். திருப்பி வைத்து இன்னொரு பக்கம் இழுத்தார். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இது பிரியவே இல்லையேம்மா. அவரு சொன்னாரு, நாங்க நம்பிட்டோம். தச்சவ நீ, நீயுமா நம்பின?"

"நானும்தான் நம்பினேன் பாய்" என்றேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை பாயிடம் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றார். நான் பையை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.